முன் இருக்கையில் குர்மீத்

ஒடாஹுஹு பஸ் நிலையத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. குர்மீத் கவுர் போய்விட்டாள். புற்றுநோய் என்று தெரியும். ஆனாலும் இவ்வளவு கெதியில் போவாள் என்று நினைக்கவில்லை. தேத்தண்ணி கையிலேயே ஆறிப்போனது.

டிப்போவில் அவளோடு பஸ் ஓட்டிய உங்களுக்கெல்லாம் தெரியும், அவள் சரியான பயந்தாங்கொள்ளி. குட்டி நாயைக் கண்டாலும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். "நீயெல்லாம் ஒரு சீக்கியப் பெண்ணா?" என்று பகிடி பண்ணுவேன். "வாள் பிடித்தவர்களுக்கும் பயம் இருந்திருக்கும், அக்கா. யாரும் எழுதிவைக்கவில்லை" என்பாள். 'அக்கா' மட்டும் என்னிடம் பழகிய தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷில்தான் கதைப்போம்.

முன்பொருநாள் மனுகாவுக்கு பஸ் ஓட்டிப் போகும் வழியில் ஒருவன் என்னை அடித்தான். ஏறும்போது டிக்கெட் கேட்டதுதான் நான் செய்த குற்றம். காயம் ஆறியது. ஸ்டியரிங்கைத் தொட்டால் நெஞ்சு படபடப்பது ஆறவில்லை. பதினொரு வருசம் ஆசையாகப் பார்த்த வேலையை விடுவதென்று ராஜினாமாக் கடிதம் எழுதிவைத்தேன்.

அதைக் கேள்விப்பட்டு ரொட்டியும் பருப்பும் கொண்டு குர்மீத் வந்தாள். என் குசினியில் உட்கார்ந்து மாயி பாகோவின் கதையைச் சொன்னாள். பழைய காலத்து முற்றுகை ஒன்றில் பட்டினி தாங்காத நாற்பது சீக்கிய வீரர்கள், தங்கள் குருவிடம் 'நீர் எங்கள் குரு அல்ல' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்களாம். அவர்களை மறுபடி போர்க்களத்துக்குக் கூட்டிப்போனவள், ஊரில் இருந்த ஒரு பெண். அந்த மாயி பாகோவும் கூடவே நின்று சண்டை பிடித்தாளாம். கடைசியில், அவர்களில் சாகக் கிடந்த ஒருவன் கேட்டுக்கொள்ள, குரு அந்தக் கடுதாசியைக் கிழித்தாராம்.

"அப்ப இதையும் கிழி" என்று என் கடிதத்தை நீட்டினேன்.

"நான் குரு இல்லை, அக்கா. நீங்களே கிழியுங்கள். திங்கட்கிழமை எனக்கு லீவு. நானும் உங்களோடு வருகிறேன்."

சொன்னபடி வந்தாள். சீருடை இல்லை, மஞ்சள் துப்பட்டா. முன் இருக்கையில் இருந்தாள். என்னை அடித்தவன் ஏறிய நிறுத்தம் நெருங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த அவள் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. ஐயோ, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசி நிறுத்தம் வரை அவள் இறங்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன்.

குர்மீத், மாயி பாகோவின் துணிச்சல் எனக்கு வராது. கண்ணாடியில் நடுங்கிய உன் கை மட்டும் என்னிடம் இருக்கிறது. உன்னை வழியனுப்பிய மறுநாள் காலை அதே வழியில் எனக்கு ஓட்டம். முன் இருக்கை வெறுமையாக இருந்தது. அந்த நிறுத்தத்தில் யாரோ கை காட்டினார்கள். என் கை நடுங்கியது. பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.