மேட்டுக்கு ஏறிய பஸ் ஸ்டாப்

மாதனூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே வெள்ள எச்சரிக்கை சைரனை அழுத்தும் பொறுப்பு சுந்தரிக்கு. ஆசிய நாடுகள் சில கூடிப் பேசி, ஆற்றோர ஊர்களுக்கென்று வகுத்த திட்டத்தில் வந்த சைரன் அது. மேட்டுப் பள்ளிக்கூடத்து மாடியில் ஜம்மென்று நின்றது. சுந்தரிக்குப் பெருமைதான். ஏன், இருக்கக் கூடாதா?

ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேபாளம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். ஊருக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தது. யார் காதில் ஏறியது! சுந்தரி பொத்தானை அழுத்தியதும், மேட்டுக்கு ஓடி வர வேண்டிய பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினார்கள்! அவர்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி பஸ் நிற்பது கீழே, தரைப்பாலத்துக்குப் பக்கத்தில். சைரன் சத்தமோ அச்சு அசல் அந்த பஸ்ஸின் ஹாரன். ஏற்றுமதி அவசரம் என்றால் ஞாயிறும் வேலை உண்டே. எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் சுந்தரியின் மகள் சோபனா. ஆற்றோரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். நிஜ வெள்ளமாக இருந்தால்?

உள்ளூர் அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. வங்கதேசத்து அம்மாள் ஒருத்தி மட்டும் சிரித்துவிட்டாள். அவள் சொன்னதை மொழிபெயர்க்க வந்த நிஷா எடுத்துச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் இதே கூத்துதானாம்க்கா. தையல் கம்பெனிப் பொண்ணுங்க பஸ்ஸுக்கு ஓடுனாங்களாம். சத்தத்த மாத்தியும் பழக்கம் போகலயாம். கடைசில பஸ் நிக்கிற எடத்தயே மேட்டுக்கு மாத்திட்டாங்களாம்."

மறுநாளே சுந்தரி, கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷபீ அஹமதுவின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாம்மா நீ? மேடு ஏறினா டீசல் ஜாஸ்தி. பேஜாரு."

"வெள்ளத்துல போய்ட்டா தைக்க ஆளே இருக்காது சார். பரவால்லயா?"

மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பஸ் மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க ஆரம்பித்தது.

ஊர் சும்மா இருக்குமா? தினமும் மேடேறிய பெண்கள் சுந்தரியைக் கரித்துக் கொட்டினார்கள். "கால் வலி எனக்கு, நல்ல பேரு ஒனக்கா?" என்று கேட்ட சோபனா அதோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அதுதான் சுந்தரிக்குத் தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தாலுகா ஆபீஸிலிருந்து போன் வந்தது. சுந்தரி பொத்தானை அழுத்தினாள். எச்சரிக்கைக் குழுவின் மற்ற தொண்டர்கள் கதவு தட்டக் கீழே ஓடினார்கள். அவளால் சைரனை விட்டு நகர முடியாது. சோபனா வருவாளா, கோபத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பாளா? கும்பிடாத சாமி இல்லை.

மழைக்குள் டார்ச் வெளிச்சங்கள் மேடேறின. குழந்தை குட்டிகளோடு ஆற்றோரத் தெருவே வந்தது. சோபனாவைக் காணோம். கீழே தரைப்பாலம் முழுகியே போனது. கடைசியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் மகள்.

"இன்னாம்மா, பஸ் போய்ட்டுதா?"

இத்தனை மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. சுந்தரி ஓவென்று அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு பஸ் வராதுடி."