பிரான்சிக்கு இன்றைக்கு என்ன வியாதி

செவ்வாய்க்கிழமைகளில் பிளாஸ்க் கழுவுவது இன்னாசிராஜின் வேலை. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர், வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, பழைய வாடை போயிற்றா என்று மோந்து பார்ப்பார். "இன்னைக்கு உனக்கு எங்க வலி?" என்று கேட்பார். அவர் மனைவி பிரான்சி சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டே, "இடுப்புன்னு வச்சுக்குவோம்" என்பாள்.

ஐம்பத்தெட்டு வயது பிரான்சிக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. காய்ச்சல் வந்தே பல வருஷம் ஆகிறது. ஆனால் திருச்சி ஆஸ்பத்திரிகளில் அவளைப் போன்ற நாள்பட்ட நோயாளி வேறு யாரும் இல்லை. அடிவயிற்று வலி, படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அவள் பேரில் நடமாடுகின்றன.

விஷயம் இதுதான். கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருக்கும் ஈழத்துப் பெண்கள் சிலரை அவள் டாக்டரிடம் அழைத்துப் போகிறாள். போரின்போது ஆயுதம் வைத்திருந்தவர்களின் வன்புணர்வுக்கு ஆளானவர்கள். அதில் பிறந்த பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. டாக்டரிடம் சொல்வதைக்கூட எப்படியோ சமாளித்துவிடுவார்கள். வராந்தா பெஞ்சைத்தான் தாண்ட முடியாது. பக்கத்தில் இருக்கிற அம்மாள் சும்மா இருக்க மாட்டாள். "என்னம்மா உடம்புக்கு? வீட்டுக்காரர் வரலையா?"

அங்கேதான் பிரான்சி குறுக்கே விழுவாள். "எனக்குத்தாங்க. தங்கச்சி தொணைக்கு வந்திருக்கு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் கர்ப்பப்பையின் சரித்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தால், கேட்டவர் வேறு பெஞ்சுக்கு இடம் மாறிவிடுவார்.

உள்ளே போனதும் டாக்டர் ரிஃபானா, "வாங்க நோயாளி" என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார். கூட இரு என்று அந்தப் பெண் சொன்னால் பிரான்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்து காலண்டர் படிப்பாள். சொல்லாவிட்டால் வெளியே வந்து, அடுத்த பெஞ்சுக்காரரைப் பிடித்துக்கொள்வாள்.

நடிப்பு என்று பார்த்தால் மட்டம்தான். தூக்கத்துக்கு மருந்து தரும் டாக்டர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பஸ் காவிரிப் பாலம் ஏறும் முன்பே தூக்கம் வராத நோயாளி குறட்டை விட ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை டாக்டர் வீட்டு பெஞ்சிலேயே நர்ஸ் தட்டி எழுப்பி, "தூக்கம் வரலைன்னு வந்தது நீங்கதானேம்மா?" என்று கேட்டாள்.

"இது அசதிம்மா. தூக்கம் வேற" என்றாள் பிரான்சி.

ஆனாலும் ஊர் நம்பிவிட்டது. ஆட்டோ முகம்மது கனி, அவள் ஏறினால் வேகத்தடையில் மாட்டுவண்டி போல ஊர்கிறார். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவள் பெயரும் வருகிறது. அவளே எழுந்து நின்று ஆமென் சொல்கிறாள். முசிறியிலிருந்து காய் கொண்டுவரும் பொன்னுத்தாய், சிறுநீரகக் கல்லுக்கு நல்லதென்று வாரம் தவறாமல் வாழைத்தண்டு கொடுத்துவிடுகிறாள். "கல்லு உனக்கு, சாறு எனக்கா?" என்று முனகிக்கொண்டே அதை இன்னாசிராஜ் குடிக்கிறார். முகாம் பிள்ளைகளின் ஸ்கூலில் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னாலும் அவர்தான். சட்டையை இன் பண்ணிக்கொண்டு பெரியப்பாவாகப் போய், கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்கி வருவார்.

அந்தப் பெண்களில் ஒருத்தியான யோகராணியின் மகள் ஆரணிக்காகவும் அப்படித் திட்டு வாங்கியிருக்கிறார். பதினாறு வயதுப் பெண். அப்பா சண்டையில் செத்துப்போனார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. "உண்மையை நான்தான் அக்கா சொல்லுவன். வேறை ஆரும் சொல்லக் கூடாது. எனக்கு எப்ப ஏலுதோ அப்ப" என்று யோகராணி எப்போதோ கேட்டுக்கொண்டாள். பிரான்சி சரி என்றாள், அவ்வளவுதான். அதிலிருந்து ஆரணி எதைக் கேட்டாலும் ஒரு வியாதியைத் தூக்கி நடுவில் போட்டுவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் யோகராணியின் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பினார்கள். லீவு நாள், ஆரணி வீட்டில் இருந்தாள். பிரான்சி மூன்று டம்ளரைப் பரப்பி பிளாஸ்கைத் திறந்தாள். கூரையை உரசுவது போல, பக்கத்து ஏர்போர்ட்டுக்கு விமானம் ஒன்று இறங்கியது. அந்தச் சத்தம் போகும்வரை அங்கே யாரும் பேசுவதில்லை.

"பெரியம்மா, இன்னைக்கு உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"முதுகெலும்பு தேய்மானம்டி. குனியவே கூடாதுன்னுட்டாங்க."

"இப்பதான் குனிஞ்சு கட்டிலுக்கு அடியிலேர்ந்து டம்ளர் எடுத்தீங்க."

"அது வேற குனியறது."

ஆரணி சிரிக்கவில்லை. "உங்க மாத்திரைய அம்மாதான் சாப்பிடுறாங்க. தூக்கத்துல கத்துறதும் அம்மாதான். அப்பாவைப் பத்திக் கேட்டா உடனே தண்ணி பிடிக்கக் கிளம்பிடுறாங்க. நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா. அம்மாவுக்கு என்ன நடந்துச்சு?"

யோகராணி பிரான்சியைப் பார்த்தாள். வராந்தா பெஞ்சில் பார்க்கிற அதே பார்வை. பிரான்சியின் வாய் தன்னால் திறந்தது. "அம்மாவுக்கு ஒண்ணுமில்லடி. எனக்குத்தான், எனக்கு இந்த..."

"அக்கா" என்றாள் யோகராணி. மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இண்டைக்கு உங்களுக்கு ஒண்டுமில்லை."

பிரான்சி இரண்டு டம்ளரில் டீயை ஊற்றி, தாய் பக்கம் ஒன்றும் மகள் பக்கம் ஒன்றுமாக நகர்த்தினாள். மூன்றாவதைக் கவிழ்த்து வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெரியம்மா, எங்க போறீங்க? கேக்குறேன்ல?"

பிரான்சி இடுப்பில் கை வைக்காமல் விறுவிறுவென்று நடந்து வெளியே போய், கதவைச் சாத்தினாள்.