பூட்டக்காவின் இரண்டு திரைகள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கணினியையும் மேசை டிராயரையும் பூட்டிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர் எழுதிய நிரல் ஒரு பெண்ணின் ரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்தது. அதைச் சோதித்து, 'சரி' என்று தலையாட்டிய புண்ணியவான் நான்.

ஒரு மருத்துவமனைக்குச் செய்து கொடுத்தது அது. ஒரே கணினி, இரண்டு திரைகள். ஒன்று டாக்டர் அறையில். மற்றது வெளிக்கூடத்தில் டோக்கன் எண் காட்டுவது. செவ்வாய்க்கிழமை, டாக்டர் முன் வரவேண்டிய பரிசோதனை முடிவு வெளித்திரையில் போய் நின்றது. கூடமே படித்தது. அந்தப் பெண் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"வெளியில வாங்கின டூல்கிட்லதான் கோளாறுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேனேஜர்.

"அது பாவம் சார், சொன்னதைத்தான் செஞ்சுது. தப்பு என்னோடது," என்றார் பூட்டக்கா.

திரையில் ஜன்னல்கள் வரைந்து தருவதுதான் டூல்கிட்டின் வேலை. ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சூழல் கொடுக்க அதில் வழி உண்டு: தனி ஜன்னல்கள், தனிச் செய்தி வரிசை, தனி அனுமதி. வேகமாக ஓடட்டும் என்று ஆறு வருடத்துக்கு முன் இரண்டு திரைக்கும் ஒரே சூழலை வைத்தவர் அவரேதான். இரண்டு குடும்பத்துக்கு ஒரே தபால் பெட்டி வைத்த கதை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட.

மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தார். வெளித்திரை இனி டோக்கன் எண்ணை மட்டுமே கேட்கலாம். வேறு எதைக் கேட்டாலும் மறுப்புதான். நான் விடாக்கண்டனாக நாற்பது வழியில் உடைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் மருத்துவமனைக் கூடத்தில் இருந்தபோது, நர்ஸ் கெஞ்சிக் கூப்பிட்டதால் அந்தப் பெண் வந்தார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பூட்டக்கா பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"அதை எழுதினது நான்தாம்மா. மன்னிச்சிடுங்க. இப்ப சரி பண்ணிட்டோம்."

டோக்கன் மணி அடித்தது. அந்தப் பெண் மெல்லத் திரும்பி, திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பதினேழு என்ற எண்ணைத் தவிர அதில் எதுவும் இல்லை.

"என் நம்பர்தான்," என்று எழுந்தவர், கைப்பையைப் பூட்டக்காவின் மடியில் வைத்தார். "வர்ற வரைக்கும் பாத்துக்குங்க."