மேசையைத் தட்டுகிறவர்கள்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஒருவர் பேசி முடித்தால் கைதட்ட மாட்டார்கள். விரல்களை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்டுவார்கள். முதல்முறை கேட்டபோது அரங்கம் முழுக்கத் தச்சர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. என் முதல் உரைக்கு அந்தச் சத்தம் எழுந்ததும், "போதும், இறங்கு" என்கிறார்கள் என்று நினைத்து, கேள்வி நேரத்துக்குக்கூட நிற்காமல் லேப்டாப்பை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதுதான் பாராட்டு என்று பிறகு ஒருவர் சொன்னார். நான் என்னத்தைக் கண்டேன்! செங்கல்பட்டில் எங்கள் கல்லூரிக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எடுக்க வருகிறவர் பேனாவால் மேசையை ஒரு தட்டு தட்டினால், 'உன் கதை முடிந்தது, அடுத்த ஆள் வரட்டும்' என்று அர்த்தம்.

எனக்கு ஆங்கிலம் யாரும் சொல்லித் தரவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கல்லூரிக்குப் போகும் மின்சார ரயிலில் எதிரே உட்காருகிறவரிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே வந்தது. "ஒனக்கு இங்கிலீஷ் வாயில கீதுடா பாபு, காதுக்குத்தான் இன்னும் வந்து சேரல" என்பாள் என் வகுப்புத் தோழி கலையரசி. செய்யூர்க்காரி. அவள் என்னைவிட நன்றாக எழுதுவாள். ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் யோசிப்பாள்.

போன குளிர்காலத்தில் மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு. என் ஜெர்மன் பேராசிரியரோடும் குழுவோடும் நானும் வந்திருந்தேன், சொந்த ஊருக்கு விருந்தாளியாக. செய்யூர் பக்கத்தில் வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகளில் கிணற்றுத் தண்ணீர் எப்படி உப்பாகிறது என்பது கலையரசியின் ஆய்வு. அங்கே பேசுகிறவர்களில் ஒருவரை எங்கள் ஆய்வகத்துக்கு ஓராண்டு அழைப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காக அவள் வாரக்கணக்கில் என்னிடம் போனில் உரையைப் பேசிப் பேசிப் பழகினாள்.

"இன்னாடா, உங்க வாத்தியாரு மூஞ்சியே அசைய மாட்டேங்குது. புடிக்கலன்னா எப்டித் தெரியும்?" என்றாள், அரங்க வாசலில்.

"புடிச்சாலும் அதே மூஞ்சிதான்."

எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது, எல்லாம் சொன்னேன். மேசை தட்டுவதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது அவ்வளவு பழகிப் போயிருந்தது.

நன்றாகவே பேசினாள். முடித்ததும் பேராசிரியரும் எங்கள் குழுவும் தட்டினார்கள். அவள் முகம் வாடியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். அதே சூட்டில் பேராசிரியர் கேட்டார்: மழைக்குப் பிறகும் உப்பு ஏன் குறையவில்லை? அவருடைய ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. "பாபு, இன்னா கேக்குறாரு?" என்றாள், மைக்கிலேயே. அரங்கம் சிரித்தது.

எழுந்தேன். கேள்வியைத் தமிழில் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்தச் சிரிப்பு என் ஊரைப் பார்த்துச் சிரித்ததுபோல் சுட்டது. பேராசிரியர் பக்கம் திரும்பி, பதிலை நானே ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். அவள் மைக்கைப் பிடித்தபடி மேடையில் நின்றாள். மறுபடியும் மேசைகள் தட்டப்பட்டன, எனக்காக. கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

தேநீர் இடைவேளையில் தட்டலின் அர்த்தத்தைச் சொன்னேன். "அடப்பாவி, அது பாராட்டா! வைவாவுல தட்டுன மாதிரி எனக்கு மூச்சே நின்னு போச்சுடா" என்று சிரித்தாள். பிறகு டீயை ஊதிக்கொண்டே, "கேள்விய மட்டும் தமிழ்ல சொல்லியிருந்தா போதும். பதிலு என்னாண்டதான கீது" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருக்கலாம்.

உடனே பேராசிரியரை அழைத்து வந்தேன். அவள் தமிழில் விளக்க, நான் ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். அசையாத முகத்தோடு முழுவதும் கேட்டார். மறுநாள் இடம் வேறொருவருக்குப் போயிற்று. கேள்விகளைத் தானே சமாளிக்கிற ஆள் வேண்டும் என்றார். அவளை நான்தான் சமாளிக்க விடவில்லை என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "தடுமாறிய தோழிக்கு நீ கைகொடுத்தது அழகாக இருந்தது" என்றார். எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு அது என் அடக்கமாகவே கேட்டது.

போன வாரம் இங்கே ஒரு மாணவியின் உரைக்குப் போய் உட்கார்ந்த நேரத்தில் கலையரசியின் குரல்செய்தி வந்தது. "அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல பேசுறேன்டா. நீ மட்டும் வந்துராத. வந்தா நீயே பேசிடுவ." கடைசியில் ஒரு சிரிப்பு. காதிலிருந்து போனை எடுத்த பிறகும் அது போகவில்லை.

மாணவி பேசி முடித்தாள். சுற்றிலும் டொக் டொக். வழக்கம்போல் விரல்களை மடக்கினேன், தட்ட வரவில்லை. கைதட்டலாமென்று இன்னொரு கையையும் எடுத்தேன். இந்த அரங்கில் அது ஊருக்கு ஒவ்வாத சத்தம். சத்தமெல்லாம் அடங்கி அடுத்தவர் மேடை ஏறும்வரை, என் இரண்டு கைகளும் மேசையையும் தொடாமல், ஒன்றையொன்றும் தொடாமல் அப்படியே நின்றன.