இரண்டு சிவகுமார்களும் ஒரு கதவும்

இரண்டு கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, நான் வேலை செய்யும் கட்டிடத்துக்குள் என்னை விடவில்லை. தடுத்தவர் வாசலில் நின்ற செக்யூரிட்டி. தமிழர். என்னை நன்றாகத் தெரிந்தவர்!

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்களா? கோபம்தான். ஆனால் அவர் மேல் இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். "கொம்பியூட்டரில் என்ன செய்கிறீர்கள்?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எங்கள் கம்பனி ஒரு டேட்டாபேஸ் சர்வர் தயாரிக்கிறது. பெரிய நிறுவனங்களின் சம்பள விபரம், வாடிக்கையாளர் விலாசம் எல்லாம் அதற்குள் இருக்கும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை அழிக்கலாம் என்று அது காவல் காக்க வேண்டும். அந்தக் காவலை ஏமாற்ற முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு கள்ளத்தனம் பண்ணுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் கிழமை ஒரு ரெஸ்ட், அதாவது ஒரு சோதனை, செய்தேன். சர்வருக்குள் என் பெயரிலேயே இரண்டு பேரை உண்டாக்கினேன். ஒருவன் முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் சிவகுமார். மற்றவன் ஸ்மோல் எழுத்தில் சிவகுமார். எங்கள் சர்வரின் விதிப்படி எழுத்து வேறென்றால் ஆளும் வேறு. பெரிய சிவகுமாருக்கு எல்லா உரிமையும் கொடுத்தேன். சின்னவனுக்கு உள்ளே வர மட்டும் அனுமதி, வேறொன்றும் இல்லை. பிறகு சின்னவனாக உள்ளே போய், "சம்பள விபரத்தை அழி" என்றேன்.

அழித்துவிட்டது. நீ யார், உனக்கு ஏது அதிகாரம்... ஒரு கேள்வி இல்லை!

தோண்டிப் பார்த்தேன். வாசலில் இருவரையும் வேறு வேறாகப் பார்க்கும் சர்வர், உள்ளே உரிமையைச் சரிபார்க்கும் இடத்தில் எல்லாப் பெயரையும் கேப்பிட்டலாக மாற்றிவிடுகிறது. ஆகவே ஒன்றுமில்லாத சிவகுமாரும் எல்லாம் உள்ள சிவகுமாரும் அதற்கு ஒரே ஆள்.

என் மனேஜர் கொலினிடம் சொன்னேன். நல்ல மனிதர், தனக்குத் தேத்தண்ணீர் போட்டால் எனக்கும் சேர்த்துப் போடுவார். சிரித்தார். "ஒரே பெயரில் இரண்டு பேர் எங்கே இருக்கப்போகிறார்கள், சிவா?"

என்ன கேள்வி இது? தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடைக்குள் நின்று "சிவா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பாதிக் கடை திரும்பும்! அதையும் சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார். "சரி, சனிக்கிழமை வந்து இன்னொரு தடவை ஓட்டிப் பார். நானும் வருகிறேன்" என்றார்.

எங்கள் கட்டிடத்தில் சனி, ஞாயிறு யார் வரலாம் என்று முன்கூட்டியே வாசலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கொலின் என் பெயரைக் கொடுக்க மறந்துவிட்டார். அது தெரியாமல் மழைக்குள் போய் நிற்கிறேன்.

வாசலில் தயாபரன். நோர்பரியில் இருப்பவர். காலையில் பெரும்பாலும் ஒரே ரயிலில் போவோம். மனைவி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான். வயிற்றில் பிள்ளை. ஆங்கிலம் தெரியாது, அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. இரவில் அவரைத் தனியே விட முடியாதென்று செக்யூரிட்டி கம்பனியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பகல் ஷிப்ட் வாங்கியிருந்தார் தயாபரன். அதை ரயிலில் சொன்ன நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்... லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி.

"அண்ணை, உங்கட பேர் இதில இல்லை" என்றார்.

அவர் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தேன். "இந்தா, சிவகுமார் எண்டு கிடக்குது. பிறகென்ன?"

"அது நீங்கள் இல்லை. அது கிளீனிங் சிவகுமார். இனித்தான் வருவார்."

"பேர் இருக்குத்தானே தம்பி? மழைக்குள்ள நிக்கிறன். விடும்."

"ஏலாது அண்ணை. உள்ளுக்கு ஏதும் காணாமப் போனா ஆரைப் பிடிப்பாங்கள்? அந்த மனுசனைத்தான். உங்கட மனேஜர் வந்து ஓம் எண்டு சொல்லட்டும், உடனை விடுறன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நம்முடைய ஆளே நம்மைத் தெருவில் நிறுத்துகிறானே! வாயைத் திறக்கப் போனவன், அப்படியே மூடிக்கொண்டேன். அவர் சொன்னது என் சர்வர் சொல்லியிருக்க வேண்டியது. பெயர் ஒன்று, ஆள் வேறு, ஒருவரின் அனுமதி மற்றவருக்குச் செல்லாது. அதைச் சொல்லத் தெரியாத ஒரு மெஷினைத்தான் நான் மாதக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துக் குடையோடு வந்தார் கொலின். "பெயர்தான் இருக்கிறதே!" என்றார்.

"அது வேறு ஆள், சார்" என்றார் தயாபரன். "இவர் பெயரையும் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்." மரியாதையாகத்தான் சொன்னார்.

கொலின் போட்டார். முகம் சிவந்துவிட்டது. மறந்தது அவர். மறந்ததைக் காட்டியது ஒரு செக்யூரிட்டி. மேலே போனதும் முதல் வேலையாக, தன் ஊழியரை மழையில் நிற்க வைத்ததாக செக்யூரிட்டி கம்பனிக்கு ஒரு முறைப்பாடு அனுப்பினார். எனக்காகவாம்! "வேண்டாம், அவர் செய்ததுதான் சரி" என்றேன். "உனக்கு இளகிய மனசு" என்றார்.

புதன்கிழமை வாசலில் வேறு ஆள். வீட்டுக்குப் போய் தயாபரனுக்குப் போன் எடுத்தேன்.

"எட்மண்டனில ஒரு வெயார்ஹவுஸ், அண்ணை. நைட். நோர்பரியில இருந்து லண்டனைக் குறுக்கறுத்துப் போக வேணும். அவ தனியப் படுக்கப் பயந்து விடிய விடிய லைட்டைப் போட்டிட்டு இருக்கிறா." பிறகு கேட்டார். "நீங்களோ கொம்ப்ளெய்ன் பண்ணினீங்கள்?"

"இல்லை" என்றேன்.

"ஓம்... ஓம்" என்றார். அந்த ஓமுக்கு நம்பவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் கொலினிடம் போய், முறைப்பாட்டைத் திரும்பப் பெறச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "அது அவர்கள் கம்பனி விஷயம். அதில் எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். ஒருவன் வேலையை மாற்ற வைக்க அதிகாரம் உண்டு, மாற்றியதைச் சரிசெய்ய இல்லையா? இப்படி ஓர் உரிமையை நான் எந்த டேட்டாபேஸிலும் கண்டதில்லை. தயாபரனுடைய கம்பனிக்கு நானே நடந்ததை எழுதினேன். என் அக்கறைக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சர்வர் என்ன ஆனது? திருத்த நேரமில்லையாம். ஒரே பெயரை எழுத்து மாற்றி இருவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். பெட்டியில் அடைத்து விற்பனைக்கு அனுப்பியாயிற்று.

நேற்றும் சனிக்கிழமை. கொலின் நேற்றும் என் பெயரைக் கொடுக்க மறந்திருந்தார். புதிய செக்யூரிட்டி என் அட்டையை வாங்கினார், சிவகுமார் என்று படித்தார், கிளீனிங் சிவகுமாரின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். அது நானில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்து சிரித்தார்.

அந்தக் கட்டிடத்தில் என் ரெஸ்ட்டில் பாஸானவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு இப்போது எட்மண்டனில் நைட் ஷிப்ட்.