ஐந்து எண்ணி நிறுத்திய மீன்

பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஆம்பூரில் எதிர்வீட்டுக் கதவு தெரியாத அளவுக்கு மூடுபனி. எட்டு வருடங்களுக்கு முந்தைய அந்தக் காலையில், என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் காற்று போதுமா என்று மூன்றாவது முறையாகக் குனிந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசார்ட்டர் பாய் அதற்குள் மஃப்ளரும் துணிப்பையுமாகப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் ரைட்டரே, அமுக்கி அமுக்கியே இருக்கிற காத்தையும் எறக்கிடப் போற. வண்டிய எடுய்யா."

ஏலகிரி மலைமேல் இருக்கும் ஓர் ஏரிக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டிருந்தோம். எனக்கு அப்போது அறுபது வயது, அவருக்கு அறுபத்து மூன்று. இரண்டு பேருமே அதுவரை ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு தோல் தொழிற்சாலையில். நான் ரைட்டர், உள்ளே வரும் தோலையும் வெளியே போகும் தோலையும் ஐந்து ஐந்தாக எண்ணி எழுதுவது என் வேலை. பாய் அசார்ட்டர், அதாவது தோலின் தரம் பிரிப்பவர். மேசைமேல் விரித்த தோலின்மீது வலது உள்ளங்கையை ஒருமுறை ஓடவிடுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். மாடு கன்றாக இருந்த காலத்தில் வேலிமுள் கிழித்து ஆறிய கீறல், உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு நான் தேடினாலும் எனக்குத் தெரியாது. "ஃபர்ஸ்ட்டு", "தேர்டு" என்று அவர் சொல்வதை வைத்துத்தான் கப்பலேறும் சரக்கின் விலையே முடிவாகும்.

அதற்கு முந்தைய டிசம்பரில் அவருக்கு மூளையில் சின்ன அடைப்பு. நடை, பேச்சு எல்லாம் இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் மரத்துப்போயிற்று. உணர்ச்சி மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். எத்தனை நாளில் என்று நான் நான்கு முறை கேட்டும் அவர் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. இதற்கிடையில் முதலாளி ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை வெளிநாட்டு வியாபாரி வருகிறார். அவர் முன்னிலையில் பாய் தரம் பிரிக்கலாம். முடியாதென்றால் வீட்டிலேயே இருக்கட்டும், பாதிச் சம்பளம் மாதாமாதம் வீடு தேடி வரும். முதலாளி நல்ல மனதோடுதான் சொன்னார். பாய்க்கோ அந்தப் பாதிச் சம்பளம் என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"கைல உசுரு வந்தாப்பலயும் இருக்குது, வராத மாதிரியும் இருக்குது," என்றார் வெள்ளிக்கிழமை. "வூட்ல சட்டி, துணி, தலகாணின்னு எல்லாத்தியும் தடவிப் பாத்துட்டேன். எதுன்னு தெரிஞ்சி தடவுனா மனசே பதில் சொல்லிடுது. தெரியாம ஒண்ணு வந்து கையத் தொடணும். தூண்டி நரம்ப வெரல்ல சுத்திக்கினு கண்ண மூடிக்கணும். மீனு தட்டறது தெரிஞ்சா திங்கக்கெழம போவேன். தெரியலன்னா போவ மாட்டேன்."

ஊர் ஏரியில் உட்கார்ந்தால் பத்துப் பேர் வந்து நலம் விசாரிப்பார்கள். அதனால்தான் மலை.

வாணியம்பாடி தாண்டி மலைப்பாதை ஏறியபோது எனக்கிருந்த கவலைகள் ஏழு: காற்று, பிரேக், பனி, எதிரே வரும் பேருந்து, குரங்கு, பாயின் இரத்த அழுத்தம், என்னுடையது. கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. ஒவ்வொன்றிலும் பலகை வைத்து எண் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் நான் தனியாக எண்ணிக்கொண்டேன். பாய் இடது கையால் மட்டும் என் தோளைப் பிடித்திருந்தார்.

படகு விடும் பெரிய ஏரியைக் கடந்து, பலாமரங்களுக்குள் புகுந்து இறங்கினால் ஒரு சிற்றேரி. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பாய்க்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு தூண்டிதானா? அப்ப இவரு இன்னாத்துக்கு?"

"இவரு எண்றதுக்கு," என்றார் பாய்.

எட்டு மணிக்குப் பனி விலகியது. தண்ணீர் அவ்வளவு அசையாமல் இருந்ததால் எதிர்க்கரை மரங்கள் தலைகீழாக முழுசாகத் தெரிந்தன. தொழிற்சாலையின் சுண்ணாம்பு வாடையிலேயே கழிந்த மூக்குக்கு அந்தக் காற்றில் ஒன்றுமே இல்லாதது விசித்திரமாக இருந்தது. பாய் கரைமேட்டில் சம்மணமிட்டு, நரம்பை வலது ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கண்ணை மூடினார். மிதப்பு கட்டவில்லை, கட்டினால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேனாம். நான் இரண்டடி கீழே, தண்ணீர் ஓரம் உட்கார்ந்தேன். நரம்பு என் தோளை ஒட்டித்தான் போயிற்று.

நாற்பது மைதா உருண்டைகள் உருட்டி வைத்திருந்தேன். பத்தரை மணிக்குள் ஒன்பது போய்விட்டன. ஒவ்வொரு முறை இழுத்துப் பார்க்கும்போதும் முள் வெறுமையாக வந்தது. விரலோ எதையும் சொல்லவில்லை.

"மாவு கரஞ்சிருக்கும்," என்றார் முதல் முறை. ஒன்பதாவது முறை விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அதைச் செய்தேன். பத்தாவது உருண்டை தண்ணீரில் விழுந்து சில நிமிடங்கள் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, தோளருகே ஓடிய நரம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்து இழுத்து விட்டேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தேன்.

ஒரு நிமிடம் போயிற்று. தெரியவில்லை போலிருக்கிறது என்று அடுத்த உருண்டையைக் கையில் எடுத்தேன்.

"யோவ் ரைட்டரே."

"இன்னா பாய்?"

"எந்த மீனுய்யா சரியா அஞ்சு எண்ணி நிறுத்தும்?"

நான் குனிந்து காலைச் சொறிந்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரே அளவா இழுக்குது. நாலாவது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

நான்காவது இழுப்பின்போது என் காலில் ஓர் எறும்பு கடித்தது உண்மை. திரும்பினேன். பாயின் கண்கள் இன்னும் மூடியேதான் இருந்தன, ஓரங்களில் நீர். ஆனால் வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. "தெரியுதுய்யா. நாலாவது ஜாஸ்தின்னு தெரியுதுய்யா," என்று விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். குத்தகைக்காரர் கம்பளியோடு எழுந்து நின்று பார்க்கும் அளவுக்கு இரண்டு கிழவர்களும் சிரித்தோம்.

மீனும் கிடைத்தது. பதினொன்றே காலுக்கு பாய் சட்டென்று பேச்சை நிறுத்தி, "இது நீ இல்ல," என்று கையைத் தூக்கினார். உள்ளங்கை நீளத்தில் ஒரு ஜிலேபி மீன். கண்ணைத் திறக்காமல் கட்டைவிரலை அதன் விலாவில் ஓடவிட்டு, "வால் பக்கம் ஒரு கீறல். தேர்டு," என்று தண்ணீரிலேயே விட்டுவிட்டார். விடுவதற்குள் குனிந்து பார்த்தேன். கீறல் இருந்தது.

திங்கட்கிழமை ஐந்நூற்றுப் பன்னிரண்டு தோல்கள், எண்ணியது நான். வெளிநாட்டுக்காரர் நடுநடுவே பதினான்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பதின்மூன்றை மறுபேச்சில்லாமல் வைத்த இடத்திலேயே வைத்தார். ஒன்றுக்கு மட்டும் தர்க்கம் நடந்தது. பாய் அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருடம் முழுச் சம்பளத்தில் வேலை பார்த்தார். இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மார்க்கெட்டில் தக்காளி பொறுக்க வேறு யாரையும் அனுப்புவதில்லையாம். போனில் பெருமையாகச் சொல்கிறார்.

எங்கள் அசார்ட்டிங் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. குறையுள்ள தோலை நல்ல தோல் என்று தெரிந்தே தள்ளிவிடப் பார்த்து மாட்டிக்கொள்பவர், மறுநாள் பிரிவு முழுவதற்கும் டீயும் சமோசாவும் வாங்கித் தரவேண்டும். அந்தத் திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பாய் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "இந்த ரைட்டரு எங்கிட்டயே டூப்ளிகேட் மீன ஃபர்ஸ்ட்டுன்னு பாஸ் பண்ணப் பாத்தாரு," என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னார். நான்காவது இழுப்பைச் சொல்லும்போது எறும்பாகவும் நடித்துக் காட்டினார். மீன் தோலில் சேராது என்று நான் வாதாடியது எடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் நாற்பத்தொன்று. டீ பத்து ரூபாய், சமோசா எட்டு. பாய் தட்டின்மேல் கையை ஓடவிட்டு, சூடு குறையாததாகப் பார்த்து வலது கையாலேயே இரண்டாவதாக ஒன்று எடுத்துக்கொண்டார். அந்த ஒரு சமோசாவையும் சேர்த்து எழுநூற்று நாற்பத்தாறு ரூபாய்.