கடலடிக் குழாய்க்கு ஒரு தட்டு

எழுத்து எனக்குச் சரியாக வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு தம்பி தனியே இருந்தார். முன்பு நோர்வேயில், அயல்நாட்டுக்கு எரிவாயு போகும் குழாய்களைக் கடலடியில் இறக்கும் கப்பலில் வெல்டிங் செய்தவர். வீட்டுக் கதவைப் பூட்டினால் அதை ஒருதரம் தட்டிவிட்டுத்தான் போவார்.

"கதவுக்கு ஏன் தம்பி அடி?"

"குழாய் இறங்கமுந்தி இப்பிடித்தான் தட்டுவம் அன்ரி. பிறகு காணமாட்டம் எல்லே."

"அது கரை சேர்ந்ததோ?"

"ஓம். காஸ் விசா இல்லாமல் கரையேறுது. என்ரை மனுசியைத்தான் விடுறாங்களில்லை," என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

ஒரு பனிக்காலத்தில் மனைவி வந்து சேர்ந்தார். அதன்பிறகு தம்பி கதவைத் தட்டி நான் காணவில்லை.

அந்தக் குழாய் எந்த நாட்டில் கரையேறியது என்பது மறந்துபோயிற்று. தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.